எலியின் முன்னங்காலும் வயல் வரப்பும்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எலி வெட்டிய நெல் தூர்களை எண்ணிக் கவலைப்படுகிறோம். அதன் எலும்பையும் சற்றுக் கவனித்தால், அதை எங்கே மடக்கலாம் என்பது விளங்கும்.

எலும்பு உயிருள்ள பொருள். பளு விழும் இடத்தில் தடிக்கும்; பளு குறைந்தால் மெலியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் இதை ஒரு விதியாகவே வெளியிட்டார். வளரும் பருவத்தில் இம்மாற்றம் மிகுதி. ஆயினும் எலும்பின் அடிப்படை வடிவம் தலைமுறை தலைமுறையாக அந்தந்த இனத்திற்கென்று அமைந்து வருவதாகும்.

மண் தோண்டும் கொறிணிகளில், முன்னங்காலின் முட்டிக்குப் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனை நீளமாக இருக்கும். கடப்பாரையின் பிடி நீள நீளக் கல் எளிதில் பெயர்வது போல, இம்முனை நீண்டால் மண்ணைப் பறிக்கும் விசை கூடும். மேற்கை எலும்பும் தடித்து, தசை பற்றும் மேடு உயர்ந்து காணப்படும்.

நீந்தும் கொறிணிகளில் வேலை பின்னங்காலுக்கு. வட அமெரிக்காவில் வாழும் பீவரின் தொடை எலும்பு குட்டையாக அகன்றிருக்கும். பாதம் நீண்டு, விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். அதுவே துடுப்பு.

நம் நெல் வயல்களில் பெருஞ்சேதம் விளைவிக்கும் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் எனும் எலி தோண்டும் வகையைச் சேர்ந்தது. பாதத்தில் சவ்வு இல்லாவிட்டாலும் நன்றாக நீந்தும். ஆகவே, நீர் கட்டிவிட்டால் எலி வராது என்று இருந்துவிடக் கூடாது. ஆனால் நீர் நின்ற சேற்றில் அது வளை அமைக்க முடியாது. குட்டி போடவும் கதிரைச் சேமிக்கவும் அதற்கு உலர்ந்த வரப்பு வேண்டும். அங்கேதான் நாம் மடக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. வரப்பின் அகலத்தை 30 செ.மீ.க்குள் வைத்து, புல் பூண்டுகளைச் செதுக்கி விடுங்கள்.

2. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடையுங்கள். மறுநாள் காலை திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். அவற்றை வெட்டி எலிகளைப் பிடியுங்கள்.

3. தஞ்சாவூர்க் கிட்டிகளை மாலையில் வையுங்கள். ஆந்தைகள் அமர வயலில் குச்சிகளை நடுங்கள்.

4. பயிர் கதிர் பிடிக்கும் முன்பே, ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில் இவற்றைச் செய்யுங்கள். ஒருவர் மட்டும் செய்தால், பக்கத்து வரப்பிலிருந்து எலிகள் நீந்தியே வந்து சேரும்.