பிரமிட்டின் உள்ளும் புறமும்



எகிப்து மன்னன் குஃபுவின் பெரிய பிரமிட்டைப் பற்றிப் பல்லாண்டு காலம் வகுப்பறையிற் பாடஞ் சொல்லியிருக்கிறேன். இலட்சம் அடிமைகள் சாட்டையடிக்கு அஞ்சி இருபது ஆண்டுகள் கல் இழுத்தனர் என்று சொல்லும்போது பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்பார்கள். அந்த அடிமைக் கதையை இன்று நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியவனாகிறேன்.

இலட்சம் பேர், இருபது ஆண்டு என்ற கணக்கை எழுதிவைத்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு. பிரமிட்டு எழுந்து இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் எகிப்துக்குச் சென்றார்; அங்கு கேள்வியுற்றதை எழுதினார். நமக்கோ, கட்டட வேலையில் ஈடுபட்டோரின் குறிப்புகளே இப்போது கிடைத்துள்ளன.

2013ஆம் ஆண்டில், செங்கடற் கரையிலுள்ள வாடி அல் ஜர்ஃப் என்னுமிடத்தில், பியேர் தலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழுவினர் பப்பைரசுச் சுவடிகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். எழுத்துள்ள பப்பைரசுகளுள் இவற்றினும் பழையன இதுவரை அகப்படவில்லை. அவற்றுள் ஒன்று மெரர் என்னும் படகுக் குழுத் தலைவனின் நாட்குறிப்பு. நைல் நதியின் கிழக்குக் கரையிலுள்ள தூராவில் வெண்சுண்ணக்கல்லை ஏற்றியது, இரவில் எங்கே தங்கியது, கீசாவுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பனவெல்லாம் நாள்தோறும் பதியப்பட்டுள்ளன. பிரமிட்டை அவன் 'குஃபுவின் அடிவானம்' என்ற பெயராற் குறிக்கிறான். உணவுப் பொருள்களுக்கான கணக்கும் உடன் கிடைத்தது. எங்கள் கந்தோர்ப் பதிவேடுகளைப் போலவே உணர்ச்சி சிறிதுமற்ற எழுத்து. ஆயினும் அதைவிடச் சுவையான நூலை அண்மையில் நான் அறியேன்.

1990ஆம் ஆண்டு முதல், பிரமிட்டுக்குத் தெற்கே வேலையாட்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. முறிந்த எலும்புகள் வைத்தியத்தாற் பொருந்தியிருந்தமை அங்குள்ள எலும்புக்கூடுகளிற் காணப்பட்டது. அடிமைக்கு அரசன் சமாதியின் அருகே இடம் கொடுப்பாருண்டோ? இதனால் எல்லாரும் விரும்பியே வந்தனர் என்று கொள்வதும் பிழையாகும். அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியமாகவே பலர் அழைக்கப்பட்டனர்.

அவர்கள் எழுப்பியது, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 230 மீற்றர் நீளமும், முதலில் 146 மீற்றர் உயரமுமுடைய கட்டடம். கற்களின் தொகை ஏறக்குறைய 23 இலட்சம் என மதிப்பிடுவர். பெரும்பாலானவை கீசா மேட்டிலேயே வெட்டப்பட்டவை. தூராக் கல் வெளிப்பூச்சுப் போன்ற மேலுறைக்கே பயன்பட்டது. அவ்வுறையின் பெரும் பகுதியைப் பிற்காலத்தார் கெய்ரோ நகரக் கட்டடங்களுக்குப் பெயர்த்துச் சென்றனர்.

இனி உள்ளே செல்வோம். வாயில் வடபுறத்தில், நிலமட்டத்திலிருந்து 17 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஒரு வழி சரிந்திறங்கிப் பாறைக்குள் முற்றுப்பெறாத அறையொன்றில் முடிகிறது. அதனின்று பிரிந்து மேலேறும் வழியில் முதுகை வளைத்தே நடக்கவேண்டும். வளைந்த முதுகு நோகத் தொடங்கும் வேளையில், 8 மீற்றருக்கு மேல் உயர்ந்த பெருங்கூடம் திடீரெனத் தலைக்குமேல் விரிகிறது. சுவரின் ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையினும் சிறிது உள்நோக்கி நீண்டு, உச்சியில் நெருங்குகின்றது.

கூடத்தின் மேலெல்லைக்கு அப்பால் அரசனின் அறை. முழுவதும் செந்நிறக் கருங்கல். 800 கிலோமீற்றருக்கு அப்பால், தெற்கே அசுவானிலிருந்து ஆற்றுவழி வந்தது. உள்ளே மூடியற்ற வெறும் கற்பேழை ஒன்றே உண்டு. ஏறிவந்த வழியினும் அது சிறிது அகலமானது. ஆகவே அறைக்குக் கூரை இடுமுன்னரே அதனை உள்ளே வைத்திருத்தல் வேண்டும்.

கூரையின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தாழ்ந்த இடைவெளிகள் உள்ளன. மேலுள்ள நான்கையும் 1837இல் வைசு என்னும் ஆங்கிலேயர் வெடிமருந்தினால் வழி திறந்து கண்டார். எவர் கண்ணிலும் படாதிருக்க அடைக்கப்பட்ட அந்தச் சுவர்களிலே, குஃபுவின் பெயரோடு இணைந்த வேலைக்குழுக்களின் பெயர்கள் செங்காவியால் எழுதப்பட்டிருந்தன. அவற்றுட் சில தலைகீழாக நிற்கின்றன. கல்லை அதன் இடத்தில் வைக்குமுன்பே எழுதப்பட்டவை அவை.