செல்போனில் எழுதினால் சிறையா?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



கூலி பாக்கியைப் பற்றி ஒருவர் பாட்டுக் கட்டுகிறார். செல்போனில் பாடி வாட்ஸ்அப்பில் விடுகிறார். பொழுது விடிவதற்குள் அது மரக்காணம் வரை போய்விடுகிறது. அச்சகம் வேண்டாம், காகிதம் வேண்டாம். நல்லதுதான். ஆனால் போலீஸ் வந்தால் நேரே அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

பக்கத்துப் புதுச்சேரியில் 2012 அக்டோபரில் அப்படித்தான் தட்டினார்கள். மத்திய மந்திரி ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதினார் ஒரு சிறு தொழிலதிபர். அதைப் படிக்க அவருக்கு ஊரெல்லாம் வாசகர்கள் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஆனாலும் கைது! தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஏ பிரிவு. எரிச்சலூட்டுவதற்காகச் செய்தி அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது அது. யாருக்கு எரிச்சல்? எவ்வளவு எரிச்சல்? அளவுகோல் கிடையாது. நாம் கூலி கேட்டாலே முதலாளிக்கு எரிச்சல்தானே!

ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 மார்ச் 24ஆம் தேதி அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வேடிக்கையைக் கேளுங்கள்: செத்துப்போன பிரிவின் பேரில் போலீசார் பல மாநிலங்களில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்! 2022 அக்டோபரில் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

66ஏ போனால் வேறு கத்தி இல்லையா? அதே 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய திருச்சி கோவன் கைதானார். பாட்டு இணையத்தில் பரவியிருந்தது. ராஜத்துரோகக் குற்றம், திலகர் மேல் வெள்ளைக்காரன் போட்ட அதே 124ஏ! 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம். அதில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. 152ஆம் பிரிவு இருக்கிறது. மின்னணுத் தகவல்தொடர்பு என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம்.

ஒருவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவதையும் பொய்ப்பழி போடுவதையும் எழுத்துரிமை என்று நான் வாதாட வரவில்லை. மேஸ்திரி கூலியைப் பிடித்தான் என்றால் எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய் என்று எழுதுங்கள்.

கைது செய்தால் காரணம் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று மலைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலைத் தொழிலாளி, பட்டியல் சாதியார், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். வருமானக் கணக்குத் தேவையில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

விழுப்புரத்தில் ஒரு தோழர் கேட்டார்: "போனைப் பிடுங்கிக்கொண்டால் பாட்டும் போச்சா?" போகாமலிருக்க நோட்டிலும் எழுதி வையுங்கள், தேதி போட்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அன்றே பாட்டு உங்களுடையது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. நாளைக்கு எவனாவது தன் பெயரைப் போட்டு விற்றால், அந்த நோட்டுதான் சாட்சி.