போர்க்களத்துக் கடிதம்



1914ஆம் வருஷம் செப்டம்பர் மாத இறுதியில் இந்தியச் சிப்பாய்கள் பிரெஞ்சு தேசத்து மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1915 மார்ச்சு 10 முதல் 13 வரை நூவ் ஷபேல் கிராமத்தருகே நடந்த சண்டையில் இந்தியப் படைப்பிரிவில் மாண்டும் காயமுற்றும் போனவர் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்.

உயிர் தப்பியவர்கள் வீட்டுக்குக் கடிதம் விடுக்க விரும்பினார்கள். ஆனால், பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தோழன் ஒருவனைக் கொண்டு எழுதுவிக்க வேண்டும். தணிக்கை அதிகாரிகள் அதைப் படிப்பார்கள். ஊரிலும் அயலார் ஒருவரே வாசித்துச் சொல்ல வேண்டும். மனைவிக்கென்று சொன்ன சொல்லை அவளுக்கு முன்பே மூவர் அறிந்தனர். தணிக்கைக்கு அஞ்சிச் சிலர் தம்மவரை மிளகு என்றும், வெள்ளையரை மிளகாய் என்றும் மறைபொருளாகக் குறித்தார்கள். மிளகு தீர்ந்துவருகிறதென்றால், நம்மவர் பலர் மடிந்தனர் என்பது கருத்து.

யுத்த காலத்துத் தணிக்கையை நீக்குவது குடியானவனால் ஆவதன்று. எழுதுவிப்பதையும் படிப்பிப்பதையும் நீக்கிக்கொள்வதோ நம் கையிலேயே உள்ளது. கடன் பத்திரத்தின் கதையும் இதுவே: பிறர் வாசிக்கக் கேட்டுக் கைநாட்டு வைப்பவன் தன் கடனின் அளவைத் தானே அறியான். ஆதலால், வீட்டுக்கு ஒருவரேனும், முக்கியமாகப் பெண்மக்களில் ஒருவர், எழுதப் படிக்கக் கற்பாராக. அவ்வீட்டின் சுகதுக்கங்களை அயலார் வாயினின்று முதலிற் கேட்க நேராது.