நம் வாக்கும் நாம் அமர வேண்டிய அவையும்



ஒரு கட்சியே ஓங்கி நிற்கும் மாநிலத்தில் முதலமைச்சரைத் தேர்ந்தெடுப்பவர் யாவர்? மக்களே என்று விடை கூறுவோம். அவ்விடையில் பாதி உண்மையே உண்டு.

1953ஆம் ஆண்டு இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாம் அறிவோம். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும், எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்றது அது. இக்கரிசல் சீமையில் நம் பெற்றோர் தொழில் யாது? பிறர் பருத்திக்காட்டில் கூலி வேலையே! எதிர்ப்பு வலுத்தது, இராசாசி விலகினார். 1954 மார்ச் 30ஆம் நாள் காங்கிரசுச் சட்டமன்றக் கட்சி கூடித் தலைவரைத் தேர்ந்தது. நம் அண்டை ஊராகிய விருதுநகரின் காமராசர் 93 வாக்குகளும், சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். அதன்பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவுத் திட்டமும் வந்தது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத் தொட்ட அம்முடிவு, வாக்குச் சாவடியில் அன்று, கட்சிக் கூட்டத்திலேயே பிறந்தது.

எனினும் மக்கள் வாக்கு வலிமையற்றதன்று. 1957இல் 205 இடங்களுள் 151ஐ வென்ற காங்கிரசு, 1967இல் ஆட்சியிழந்தது. காமராசரே தம் சொந்த ஊரில் 1,285 வாக்குகளில் தோற்றார். பத்தாண்டு கழித்து நம் அருப்புக்கோட்டைத் தொகுதி எம்.ஜி.ஆரைத் தேர்ந்தனுப்ப, அவர் முதல்வரானார்.

ஓங்கி நிற்பது கட்சியாகவே இருத்தல் வேண்டுவதில்லை, சாதியாகவும் இருக்கலாம். நம் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தல் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டும், 2006வரை அங்கு முறையான தேர்தல் நடைபெறவில்லை. சட்டம் நாற்காலி ஒன்றைத் தந்தது. அமரவிடாது தடுத்தது ஊர்.

ஆதலின் இளைஞர்களே, வாக்களித்தவுடன் கடமை முடிந்ததென்று எண்ணற்க. எக்கட்சியைச் சார்ந்தாலும், வேட்பாளரை முடிவு செய்யும் குழுவில் இடம் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். தெருவின் வாக்குகளை மொத்தமாகப் பேசி முடிக்க வருவோரிடம், தெருவுக்கு என்ன செய்தீர் என்று வினவுங்கள். அவ்வாறு கேட்பதற்குப் படிப்பு வேண்டும், துணிவு வேண்டும். இவ்விரண்டையும் ஊட்டவே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!