விரியும் உலகும் புதிய ஆட்டக்காரரும்

பழைய கோயில் ஒன்றினுள் முதன்முறை புகுகின்றவன், பெரும்பாலும் பிற்காலத்தவர் எழுப்பிய வெளிக்கோபுரத்தின் வழியாகவே புகுகின்றான். கருவறை முந்தியது, பிராகாரங்கள் பிந்தியவை. கட்டப்பட்ட ஒழுங்கு ஒன்று. காணப்படும் ஒழுங்கு மற்றொன்று. அதனால் வழிபாட்டிற்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. இக்காலத்து இளைஞர் பலர் விரும்பும் இணைய விளையாட்டுகளின் இயல்பும் இத்தகையதே. இதனை அறியாத புதியவர்கள், எங்கே தொடங்குவது என்று மலைத்து, பணத்தையும் பொழுதையும் வீணே செலவிட நேர்கின்றது.

பாத்திரமேற்று ஆடும் இணைய விளையாட்டு என்பது, பல்லாயிரவர் தத்தம் வீட்டிலிருந்தவாறே ஒரே கற்பனை உலகில் கூடி ஆடுவது. ஒருவர் போர்வீரராவார், மற்றொருவர் மந்திரவாதியாவார். இட்ட பணிகளை முடிக்குந்தோறும் அனுபவம் பெருகும். அதனை அளப்பது படிநிலை. இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட். அதன் கற்பனை உலகிற்கு அசெரொத் என்று பெயர். அன்று அதன் உச்சப் படிநிலை 60.

உச்சியை எட்டியவர்க்கு மேலும் செய்வதற்கு ஏதேனும் வேண்டுமன்றோ? அத்தேவையிலிருந்து பிறந்ததே எக்ஸ்பான்சன் எனப்படும் விரிவு. புதிய நிலம், புதிய கதை, புதிய பகைவர், உயர்ந்த உச்சப் படிநிலை ஆகியன சேர்ந்ததே ஒரு விரிவு. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பர்னிங் குருசேட், அவுட்லாண்ட் என்னும் நிலத்தைத் திறந்து உச்சத்தை 70 ஆக்கிற்று. 2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த ராத் ஒஃப் த லிச் கிங், பனி மூடிய நோர்த்ரெண்டைத் தந்து அதனை 80 ஆக்கிற்று. இவ்வாறே 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த த வோர் விதின் வரையில் பத்து விரிவுகள் வெளிவந்தன.

இவற்றை முதலிலிருந்து வரிசையாக ஆடுவதே முறை என்று புதியவர் எண்ணுவது இயல்பு. ஆயின் ஈண்டு ஒரு சிக்கல் உண்டு. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த கட்டக்ளிசம் என்னும் விரிவு, புதிய நிலங்களைச் சேர்த்ததோடு அமையாது, பழைய நிலங்களையும் மாற்றியமைத்தது. டெத்விங் என்னும் பெருநாகம் உலகைப் பிளந்தெழுந்ததாகக் கதை. ஆகவே, பழைய கண்டங்களிலே தொடங்குகின்றவர் 2010இன் கதையையே காண்கின்றார். அங்கிருந்து அவுட்லாண்டிற்கும் நோர்த்ரெண்டிற்கும் செல்வாராயின், 2007, 2008ஆம் ஆண்டுகளின் கதைக்குப் பின்னோக்கிப் போகின்றார். அடித்தளத்திலிருந்து தொடங்கியும் கதை ஒழுங்குபட வருவதில்லை.

இடையிலே தொடங்குவோர்க்கும் இடர் உண்டு. 2018இல் வந்த பற்றில் ஃபோ அசெரொத் விரிவில் அன்டுயின் என்னும் இளம் அரசன் பெரும்போர் ஒன்றை நடத்துகின்றான். அவன் தந்தை வேரியன் 2016இன் லீஜியன் விரிவிலே போர்க்களத்தில் மாண்டவன். அதனை அறியாதார்க்கு அம்மகனின் துயரம் விளங்குவதில்லை.

இத்தடுமாற்றத்தை ஆக்கியோரும் உணர்ந்தனர். 2020ஆம் ஆண்டில், 120 வரை ஏறியிருந்த படிநிலையை 50 ஆகக் குறைத்தனர். புதியவர் தொழில் பழகுவதற்கென எக்ஸைல்ஸ் ரீச் என்னும் தீவொன்றை அமைத்தனர். குரோமி என்னும் பாத்திரத்தை அணுகி, விரும்பிய விரிவின் காலத்தைத் தெரிந்து, அதிலேயே படிநிலை ஏறவும் வழிசெய்தனர். எல்லா விரிவுகளையும் முடித்தே மேலேற வேண்டும் என்னும் கட்டாயம் இதனால் நீங்கிற்று.

விரிவுகளுக்குள் மறைந்திருக்கும் நியதி மற்றொன்றும் உண்டு. 2007இல் அவுட்லாண்டினுள் புகுந்தோர், தொடக்கத்திலேயே எளிய பணிகளுக்குப் பரிசாகப் பெற்ற ஆயுதங்கள், அதற்கு முன் நாற்பதின்மர் கூடிப் பல வாரங்கள் உழைத்துப் பெற்றவை பலவற்றை விஞ்சின. பழையவர்க்கு அது மனவருத்தம், பின்வந்தவர்க்கோ நன்மை. ஒவ்வொரு விரிவும் தேடிய செல்வத்தை மதிப்பிழக்கச் செய்து, முன்வந்தாரையும் பின்வந்தாரையும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. ஆகவே, பல்லாண்டு பிந்திவிட்டேமே என்று புதியவர் அஞ்சவேண்டுவதில்லை.

பணத்தைப் பற்றியும் அவசரம் ஆகாது. 20ஆம் படிநிலை வரை கட்டணமின்றி ஆடிப் பார்க்கலாம். அதன்மேல் மாதச் சந்தா செலுத்துவோர்க்குப் பழைய விரிவுகள் அதனுள் அடங்கும். தனியே விலை கொடுக்கவேண்டுவது அண்மையில் வந்ததற்கே. அதனையும் அதன் படிநிலையை அணுகியபின் வாங்கினால் போதும். முதல் நாளிலேயே வாங்குபவர், ஏறாத மாடிக்கு வாடகை கொடுப்பவராவார்.

இனி, தெரிவு ஒன்றே எஞ்சுகின்றது. நண்பர் அழைத்து ஆட வந்தவர், அந்நண்பர் இருக்கும் புதிய நிலத்தை நோக்கி விரைவதே நன்று. ஒழுங்கிற்காகப் பழைய நிலங்களில் மாதக்கணக்காகத் தனித்து அலைவாராயின், அவர் சென்று சேருமுன் நண்பர் ஆட்டத்தையே விட்டிருத்தல் கூடும். கதையை விரும்பி வந்தவர், ஒரு விரிவைத் தெரிந்து, அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிதானமாக ஆடுவதே தக்கது. ஆதி உலகையே காண விழைவோர்க்கு, கட்டக்ளிசத்திற்கு முந்திய வடிவம் கிளாசிக் என்னும் பெயரால் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கும் அதே சந்தாவே.

பழைய நிலங்கள் காத்திருக்கும். அவற்றுக்கு எந்நாளும் திரும்பிச் செல்லலாம். உடன் ஆடும் மனிதர் அவ்வாறு காத்திருப்பதில்லை. திறந்திருக்கும் வாயிலினால் உட்புகுந்து, துணையோடு நடந்து, உட்பிராகாரங்களை ஆறுதலாகக் காண்பதே புதியவர்க்கு உகந்த வழியாகும்.