இன்னும் ஒரு பட்டம்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை
நற்செய்தி: லூக்கா 13:1-9



இன்றைய நற்செய்தியில் ஒரு தோட்டம் வருகிறது. உரிமையாளர் மூன்று ஆண்டுகளாக வந்து பார்க்கிறார். அத்திமரத்தில் கனி இல்லை. வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். இந்த உவமையை நாங்கள் பலமுறை வாசித்திருக்கிறோம், இதைப் பற்றிப் பேசியும் இருக்கிறோம். ஆனால் கடந்த ஆண்டு, சங்கரன்கோவிலில் எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறம் முதல்முறையாக ஒரு காய்கறித் தோட்டம் போட்ட பிறகுதான் அது எங்களுக்குப் புரியத் தொடங்கியது.

ஏறக்குறைய அரை செண்ட் இடம். பல ஆண்டுகளாகச் செடிமுள் வளர்ந்து சும்மா கிடந்த கரிசல் மண். இளைஞர் குழுவினர் ஆர்வத்தோடு வந்தார்கள். எங்களில் யாருக்கும் தோட்ட அனுபவம் இல்லை. ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி மட்டும் தெரியும். கடைக்குப் போய்ப் பன்னிரண்டு வகை விதைப் பொட்டலங்கள் வாங்கினோம். மேலாகக் கீறிவிட்டு, எல்லா விதையையும் ஒரே நாளில், ஒரே ஆழத்தில் ஊன்றினோம். காலையும் மாலையும் ஹோஸ் குழாயால் தண்ணீர் பாய்ச்சினோம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று இன்னொரு பழமொழி உண்டல்லவா? அதை மறந்துவிட்டோம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாள்களில் நம் ஊருக்கு வந்து சேருவது பெரும்பாலும் காற்றுதான். மழை மலையோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் பட்ட மண் மேலே ஓடுபோல இறுகிக்கொண்டது. கடுகைவிடச் சிறிய கீரை விதைகள் அந்த ஆழத்திலிருந்து முட்டி வெளியே வரமுடியவில்லை. தக்காளிக்குக் குச்சி நடாததால் தண்டு ஒடிந்தது. முளைத்த வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாகி, செடி குன்றியது. ஆவணி பிறந்தபோது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பங்குப்பேரவை கூடியது. அந்த இடத்தில் சிமெண்ட் தளம் போட்டால் பைக்குகள் நிறுத்தலாம் என்றார்கள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், சிமெண்டுக்குள் அடைபட்டு இயற்கையின் தொடர்பை இழந்துபோகும் வாழ்வைப் பற்றிக் கவலைப்படுகிறார். அந்த மடலைப் பற்றிக் கூட்டம் நடத்திய நாங்களே, இரண்டு மாதத்தில் மண்ணை மூடிவிடத் தயாராகிவிட்டோம்.

அப்போது எங்கள் கோயில்பிள்ளை அண்ணாச்சி எழுந்தார். "சாமி, மண்ணு கெட்டுப் போகல. நாமதான் அவசரப்பட்டுட்டோம். இன்னும் ஒரு பட்டம் பாப்போம். எருவுக்கு நான் பொறுப்பு. கொத்துறதுக்கு ரெண்டு பயலுவள மட்டும் அனுப்புங்க" என்றார்.

அன்பர்களே, நற்செய்தியில் வரும் தோட்டக்காரர் பேசியதும் இதே மாதிரிதான். அவர் தவணை மட்டும் கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்துவேன், எருப் போடுவேன் என்று தன் வேலையையும் சேர்த்துச் சொன்னார். பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். ஆண்டவர் காட்டும் பொறுமையின் கையில் மண்வெட்டி இருக்கிறது.

மண்ணைக் கற்பது எவ்வளவு பெரிய பாடம் என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. நமக்குக் கிழக்கே கோவில்பட்டியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றியவர் கோ. நம்மாழ்வார். வேளாண்மை படித்துப் பட்டம் பெற்றவர். வானம் பார்த்த பூமியில், விலை கொடுத்து வாங்கும் விதையும் இரசாயன உரமும் ஏழை உழவரைக் கரையேற்றாது என்று கண்டு அந்த அரசு வேலையை விட்டார். பின்பு களக்காட்டில் 'அமைதித் தீவு' என்ற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த அமைப்பைத் தோற்றுவித்தவர் பெல்ஜியம் நாட்டு டொமினிக்கன் சபைக் குரு டொமினிக் பீர். 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். களக்காட்டு உழவர்களோடு இருந்த ஆண்டுகளில் நம்மாழ்வார் மறுபடியும் மாணவரானார். 2013இல் அவர் மறைந்தபோது தமிழகம் அவரை இயற்கை வேளாண்மையின் தந்தை என்று போற்றியது. படித்தவரே மண்ணுக்கு முன்னால் மாணவராக நின்றார் என்றால், முதல் தோட்டத்தில் தோற்றுப்போன நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நாங்களும் முதலிலிருந்து தொடங்கினோம். கரிசல் காய்ந்தால் கல், நனைந்தால் களி என்றார் அண்ணாச்சி. எனவே தண்ணீர் விட்டு, இரண்டு நாள் கழித்து, பதம் பார்த்துக் கொத்தினோம். மக்கிய ஆட்டு எருவும் சருகும் கலந்தோம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாதிருக்க அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்தோம். பன்னிரண்டு வகைக்குப் பதிலாக நான்கே நான்கு: கீரை, வெண்டை, கத்தரி, அவரை.

புரட்டாசியில் விதைத்தோம். கீரை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவினோம். வெண்டை விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, ஓர் அடிக்கு ஒன்றாக, அரை அங்குல ஆழத்தில் ஊன்றினோம். கத்தரியைத் தனியே நாற்றுவிட்டு, ஒரு மாதம் கழித்து மாலை வெயில் தாழ்ந்தபின் நட்டோம். அவரையை வேலியோரம் ஏற்றிவிட்டோம். பாத்தியின் மேல் சருகால் மூடாக்குப் போட்டோம். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு அளவு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாத நாளில் மட்டும் தண்ணீர் விட்டோம். தினமும் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தோம்.

இருபத்தைந்து நாளில் கீரை பறித்தோம். நாற்பத்தைந்து நாளில் வெண்டை வந்தது. கத்தரியில் பாதியைக் காய்ப்புழு கொண்டுபோனது. மீதி எங்களுக்குக் கிடைத்தது. கிறிஸ்து பிறப்பு நாள்களில் அவரை பூத்துக் குலுங்கியது. முதல் கீரைக்கட்டுகளை ஞாயிறு திருப்பலியின் காணிக்கைப் பவனியில் கொண்டுவந்து, பிறகு தனியாக வாழும் நான்கு ஆச்சிமாரின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினோம்.

கொத்துவதற்கு வந்த இரண்டு பையன்களில் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவன். துணைத்தேர்விலும் கணக்கில் தேறவில்லை. விசைத்தறிக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தறி இழிவான தொழில் அல்ல. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் பதினைந்து வயதில், எனக்குப் படிப்பு வராது என்ற முத்திரையோடு அவன் அங்கே போவதுதான் எங்களை உறுத்தியது. ஒரு மாலை பாத்தியில் களை எடுத்தபடியே, "சாமி, நானும் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான்.

அவனுடைய அப்பாவிடம் போய் ஓர் ஆண்டு கேட்டோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்து, "சரி சாமி, நீங்க என்ன செய்வீய?" என்றார். நியாயமான கேள்வி. தவணை கேட்பவன் எருவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அன்று முதல் வாரத்தில் ஐந்து மாலைகள், பங்கிலுள்ள ஆசிரியர் ஒருவரும் நாங்களும் மாறிமாறி அவனோடு கணக்குப் போட்டோம். இன்னும் சில நாள்களில் அவன் தேர்வு எழுதப் போகிறான். முடிவு என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியாது.

உவமையிலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு மரம் காய்த்ததா, வெட்டப்பட்டதா என்று இயேசு சொல்லவே இல்லை. ஏனென்றால் அந்த மரம் நாம்தான். தோட்டக்காரர் வாங்கித் தந்த ஆண்டுக்குள்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம். அதற்கு ஒரு கெடுவும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். பிறருடைய அடியையும் கொடுமையையும் காலமெல்லாம் தாங்கிக்கொள் என்று இந்த உவமை எவருக்கும் சொல்லவில்லை. வெட்டுவதற்கு முன்னால், ஒருமுறையாவது கொத்தி எருவிட்டோமா என்று மட்டும் கேட்கிறது.

இந்தத் தவக்காலத்தில் உங்கள் வீட்டில் யாரை வெட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள்? பேச்சை நிறுத்திவிட்ட தம்பியையா? தேர்வில் தவறிய மகளையா? இனி நான் திருந்தமாட்டேன் என்று உங்களையேவா? அவர்களுக்காக இந்த வாரம் நீங்கள் எடுக்கும் மண்வெட்டி எது, போடும் எரு எது என்று ஒன்றைத் தீர்மானியுங்கள்.

வீட்டுப் பின்புறத்தில் நாலு முழம் மண் இருப்பவர்கள், இந்தப் பங்குனி வெயிலில் விதைக்க அவசரப்பட வேண்டாம். சருகைச் சேருங்கள், எருவை மக்கவிடுங்கள். இரண்டு மூன்று செடிகளோடு தொடங்குங்கள். முதல் பட்டம் பொய்த்தாலும் மண்ணை மூடிவிடாதீர்கள்.

உயிர்த்த ஆண்டவரைக் கல்லறையருகே கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். அது முற்றிலும் தவறான எண்ணம் அல்ல. நமக்காகத் தந்தையிடம் தவணை கேட்டு, இன்றும் நம் வேரடியில் கொத்திக்கொண்டிருப்பவர் அவரே.

மன்றாடுவோமாக: ஆண்டவரே, நீர் வாங்கித் தந்த இந்த ஆண்டை நாங்கள் வீணாக்காதிருக்கவும், நீர் எங்களுக்குக் காட்டிய பொறுமையைப் பிறருக்கும் உழைப்போடு காட்டவும் அருள்தாரும். ஆமென்.