ஈர்க்குச்சியும் கொண்டைக்கடலையும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்துறையில் என் அனுபவம்" என்று பேசத்தான் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் பேசப்போவதோ மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றி. "மெக்கானிக்கல் படிச்சவனுக்கு பால்வாடியில என்னப்பா வேலை?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. வேலை இருக்கு அண்ணே, சொல்றேன்.

என் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைகளில் அவருக்கு எடுபிடி நான்தான். மணல் சலிப்பது, தென்னை ஓலை கிழிப்பது, கொட்டாங்கச்சியைப் பிசிர் போகத் தேய்ப்பது எல்லாம் என் டிபார்ட்மென்ட். அங்கே பார்த்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1899-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஒரு மழலையர் வகுப்பு. ஆசிரியை பல்குத்தும் குச்சியும் ஊறிய பட்டாணியும் கொடுத்து, "ஏதாவது கட்டுங்கள்" என்றார். மற்ற பிள்ளைகள் தாங்கள் பார்த்த வீடுகளைப் போலச் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். ஒரு பையனுக்கு மட்டும் பார்வையில் கோளாறு. கண்ணாடி இன்னும் போடவில்லை. அவன் கையால் தடவித் தடவிப் பார்த்தான். சதுரம் சாய்ந்தது, முக்கோணம் நின்றது. முக்கோணமாகவே அடுக்கிக்கொண்டு போனான். அந்தப் பையன்தான் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். அன்று கட்டிய அதே அமைப்புக்கு 1961-இல் காப்புரிமை வாங்கினார். பெரிய கூரைகளைத் தாங்கும் 'ஆக்டெட் டிரஸ்' என்பது அதுதான். நாம் இரண்டாம் வருடத்தில் டிரஸ் கணக்குப் போட்டுத் திணறியது ஞாபகம் இருக்கிறதா? நான்கு வயதில் அதைக் கையால் கண்டுகொண்டவர் அவர்.

பட்டாணி வேலை தானாக வந்துவிடவில்லை. ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் என்பவர் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது பிள்ளைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். அவர் அதற்கு முன்பு வனத்தொழில் பழகியவர்; பெர்லினில் படிகங்களை வகைப்படுத்தும் வேலையும் பார்த்தவர். அதனால் பந்து, உருளை, கனசதுரம், குச்சி, பட்டாணி என்று பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். தோட்டத்தில் பாத்தியும் பிரித்துக் கொடுத்தார். பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்டனைத் தடை செய்தது. 1860-இல்தான் தடை நீங்கியது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

நம் மண்ணிலும் இதன் தடம் உண்டு. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, செடியையும் பூச்சியையும் வைத்துப் பிள்ளைகளோடு வேலை செய்தார்.

சரி, இன்றைக்கு நம் ஊர் வகுப்பறையில் என்ன செய்யலாம்? செலவில்லாத சில வேலைகளைச் சொல்கிறேன்.

ஊறிய கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும் போதும், ஃபுல்லர் கட்டியதை நம் பிள்ளையும் கட்டும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு ஒற்றினால் ஐந்து முனைப் பூ. தாளில் மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரால் விரல் வைத்து வரையச் சொல்லுங்கள். கோடு சிவப்பாக வரும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்வதும் இதே வேலைதான். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. அமிலம், காரம் என்ற பெயரெல்லாம் பிறகு வரட்டும். "ஐ! மாறிடுச்சு!" என்ற வியப்பு முதலில் வரட்டும்.

பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பி. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு பனங்காய்களைக் குச்சியால் இணைத்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி; சக்கரமும் அச்சும் அங்கேயே பாடம். கறிவேப்பிலைச் செடியில் ஒரு வகைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் மாதிரி இருக்கும், பிறகு இலைப்பச்சையாகும், பிறகு கூட்டுப்புழு. பிள்ளைகள் தினமும் பார்த்துத் தினமும் வரைவார்கள். ஒரு நாள் கூடு காலியாக இருக்கும். அன்றைக்கு அவர்கள் பேசுகிற பேச்சை எந்தப் பாடப்புத்தகமும் பேச வைக்காது.

பொறியாளன் என்பதால் பாதுகாப்பைச் சொல்லாமல் விடமுடியாது. குன்றிமணி பார்க்க அழகு. உள்ளே கொடிய விஷம். வகுப்பறைக்குள்ளேயே வரக்கூடாது. ஆமணக்கு விதையும் அரளியும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு உருளை உண்டு. அதற்குள் முழுவதும் அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. ஆகவே விதை, கடலை எல்லாம் மூன்று வயது தாண்டியவர்களுக்குத்தான். அதுவும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கில் போட்டுக்கொண்ட கடலை உள்ளேயே ஊதிப் பெருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

இவ்வளவு இருந்தும் இது ஏன் பரவவில்லை? காரணம் நாம்தான், பெற்றோர்தான். "மேடம், நோட்டு காலியா இருக்கே, ஏ பி சி டி எப்ப எழுதுவான்?" இதுதான் முதல் கேள்வி. சென்ற ஆண்டு என் மனைவியின் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகமும் அவரைக் கூப்பிட்டு, "எழுதவைக்கிறீங்களா, இல்லை வேறு டீச்சரைப் பார்க்கட்டுமா?" என்றது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அந்தப் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இது. மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் கெட்டியாகும். மூன்று நான்கு வயதில் பாதியைத் தாண்டியிருக்காது. கடைசி எலும்பு வர எட்டு வயதுக்கு மேலாகும். கான்கிரீட் போட்ட மறுநாளே நாம் பாரம் ஏற்றுவோமா? களிமண் பிசைகிற, விதை பொறுக்குகிற, ஓலை பின்னுகிற விரல்தான் நாளை பென்சிலைச் சரியாகப் பிடிக்கும். பிள்ளை எழுதாமல் போகாது. கை தயாரானதும் எழுதும்.

தம்பி தங்கைகளே, உங்கள் முதல் வருட ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். நட்டை முறுக்கும்போது மரை போகப்போகிறது என்பதைக் கை சொல்லவேண்டும். எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. எங்கள் தொழிற்சாலைக்கு வரும் புதியவர்களில் வரைபடத்தை அழகாகப் போடுபவர் பலர். பொருளைக் கையில் எடுத்தால் தயங்குபவரும் பலர். இருபது வயதில் கையைப் பழக்குவது கஷ்டம். மூன்று வயதில் அது விளையாட்டு.

நிறைவாக, ஒரு கோரிக்கை. நம் கல்லூரியின் பின்வாசலை ஒட்டி ஒரு பால்வாடி இருப்பது பலருக்குத் தெரியும். நமக்குச் சோறு போட்ட விடுதிச் சமையல்கூட அம்மாக்களின் பேரப்பிள்ளைகளும், இங்கே கட்டிட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த ஆண்டு சங்க நிதியில் அதற்குப் பெரிய டி.வி. வாங்கித் தரலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. கொடுக்க நினைத்த மனதை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதும் டி.வி.யும் செல்போனும்தானே? அந்தப் பணத்தில் நிழலில் ஒரு மணல்தொட்டி, பிள்ளை உயரத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், களிமண், நான்கு கறிவேப்பிலைச் செடி, சுற்றி ஒரு வேலி என்று செய்வோம். மிச்சமும் இருக்கும். அதை அங்கே இருக்கும் டீச்சரம்மாவிடமே கொடுத்து, என்ன வேண்டும் என்று அவரைக் கேட்போம். பிள்ளைகளை நம்மைவிட அவருக்குத்தான் தெரியும்.

தொட்டி கட்டும் கொத்துவேலைக்கு என் பேட்ச் நண்பர்கள் மூவர் பெயர் கொடுத்துவிட்டார்கள். சிவில் மாணவர்கள் மட்டம் பார்க்க வரலாம். மற்றவர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஓலை கிழிக்க வந்தால் போதும். தீர்மானம் மதியம் பொதுக்குழுவில் வருகிறது. கை தூக்குவதற்கு முன் பின்வாசல் வரை ஒரு நடை போய், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.